இடப்பக்கத்து சீட் காலியாக இருக்கிறது

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கும்,

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையின் நகல் வந்தது. இன்சூரன்ஸ் வழக்குக்காக வக்கீல் வாங்கிக் கொடுத்தது. படித்துச் சொல்லுங்கள் என்று, லாரி விபத்தில் இறந்துபோன பையனின் அம்மா என்னிடம் கொண்டுவந்தார். பிரேக் நிலை, ஸ்டியரிங் நிலை, டயர் நிலை என்று கட்டம் கட்டமாக எழுதி, கடைசியில் 'விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல' என்று முடித்திருந்தார்கள். "அப்படின்னா என்னங்ணா அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. வண்டி மேல் தப்பில்லை என்றால் ஓட்டியவன் மேல் தப்பு என்று அர்த்தம். அவர் மகன் மேல்.

பையனுக்கு 23 வயது. கர்நாடகத்திலிருந்து நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஏற்றிவந்தவன். பர்கூர் மலையிலிருந்து அந்தியூருக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்துவிட்டது. டிரைவராகச் சேர்ந்து அன்றைக்கு 36-வது நாள். அந்த மலையில் லோடோடு அவன் இறங்கியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் யாரும் இல்லை. இந்த மூன்றையும் எழுதுவதற்கு அந்த அறிக்கையில் கட்டமே கிடையாது.

நான் 1989-ல் கிளீனராக லாரி ஏறியவன். 1994-லிருந்து டிரைவர். இப்போது பன்னிரண்டு சக்கர டாரஸ் லாரி ஓட்டுகிறேன். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதும் கடிதம் இது. சட்டத்தின் பிரிவுகளை மகள் எடுத்துக் கொடுத்தாள், மற்றதெல்லாம் ரோட்டில் பார்த்தது. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். லாரித் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததென்றால், அது டிரைவருக்கு இடப்பக்கம் இருந்த கிளீனர் சீட். அதைக் காலி பண்ணிவிட்டோம். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

அந்த சீட்டில் என்ன கற்றோம் என்று இப்போது சேர்மன் நாற்காலியில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களும் அதில் உட்கார்ந்து வந்தவர்கள்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் லிவர் என்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு டயர் தட்ட வேண்டும். காற்று சரியாக இருந்தால் லிவர் கையை எதிர்த்து எழும்பும், சத்தம் 'டங்'கென்று வரும். இறங்கியிருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் பஞ்சரானால் கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் தாங்கிக்கொண்டு நிற்கும். காதுக்குத்தான் தெரியும். இன்றைக்கும் நான் தட்டாமல் வண்டி எடுப்பதில்லை. புதுப் பையன்களிடம் லிவர் எங்கே என்று கேட்டால் டூல்ஸ் பெட்டியைத் திறந்து தேடுகிறார்கள்.

என்னைப் பழக்கியவர் சங்ககிரிக்காரர். வாத்தியார் என்றுதான் கூப்பிடுவேன். ஏற்றத்தில் எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சொன்னதோடு விடமாட்டார். தொப்பூர் கணவாய் இறங்கி முடித்ததும் வண்டியை ஓரங்கட்டி, "போய் டிரம்மு பக்கம் கைய வெச்சுப் பாரு" என்பார். அவர் இறக்கிய வண்டியில் பிரேக் டிரம் வெதுவெதுவென்று இருக்கும். நான் முதல் தடவை இறக்கிய அன்றைக்குச் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கை சுட்டது. டிரம்முக்குள் உரசும் பிரேக் லைனர் கருகிய வாடை மூக்கில் ஏறியது. அவர் திட்டவில்லை. "லோடு கம்மி, அதனால பொழச்சோம். அடுத்த தடவ மேலயே கியரப் போட்டுட்டு எறங்கு" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. இதை எந்த வகுப்பறையிலும் படம் போட்டுக் காட்ட முடியாது.

அந்தக் காலத்தைப் பொன் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுப் பிள்ளைகளைக் கிளீனராக வைத்திருந்தார்கள். அடியும் பசியும் இருந்தது. சம்பளம் என்று கையில் கொடுத்ததில்லை, டிரைவர் மனசு வைத்தால் பத்து இருபது. லைசென்ஸ் வருவதற்கு முன்பே ராத்திரியில் ஸ்டியரிங்கைக் கொடுத்த டிரைவர்களும் உண்டு. அதெல்லாம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் ஒரு பையன் மூன்று நான்கு வருஷம் ஒரு மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, மலை, மழை, பனி, ராத்திரி, செக்போஸ்ட், ஓவர்லோடு, தூக்கம் என்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு வண்டி எடுத்தான் இல்லையா, அதுவும் சேர்ந்து ஒழிந்துவிட்டது.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். உதவி லோகோ பைலட்டாகச் சேர்ந்து பக்கத்து இருக்கையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் சரக்கு ரயிலைத் தனியாகப் பொறுப்பெடுக்க முடியும். அந்த ரயில் போடப்பட்ட தண்டவாளத்தில் போகிறது, எதிரே பைக்கும் ஆடும் வருவதில்லை. எங்கள் வண்டி போகிற ரோட்டில் எல்லாமும் வரும், எங்கள் பையனுக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை.

சீட் எப்படிக் காலியானது என்று எனக்குத் தெரியும். வாடகை ஏறவில்லை, டீசல் ஏறியது, டோல் ஏறியது, வண்டிக் கடன் டியூ கட்ட வேண்டும். வெட்டக்கூடிய செலவு எது என்று பார்த்தபோது கிளீனர் படிதான் கண்ணில் பட்டது. அப்புறம் இரண்டாவது டிரைவர். தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அது 2018-ல் எடுக்கப்பட்டது. அதே 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை ஏற்றினார்கள். மூன்று அச்சு வண்டி 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்குப் போனது, டிரெய்லரின் உச்ச வரம்பு 49-லிருந்து 55 டன்னுக்கு. ஒரே வருஷத்தில் வண்டியில் எடை கூடியது, ஆள் குறைந்தது. சங்கங்கள் இரண்டையும் வரவேற்றீர்களா எதிர்த்தீர்களா என்பதை உங்கள் மினிட் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுசாக வருகிறவன் எங்கே கற்பான் என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா என்பதையும் அதிலேயே தேடுங்கள்.

இறந்த பையன் என்னிடம் வந்து கேட்டான். இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனசாட்சி இடம் தராது. "மாமா, நாலு டிரிப் உங்ககூட வர்றனே, சம்பளம் வேண்டாம்" என்றான். முதலாளியிடம் கேட்டேன். ஆள் ஏற்ற வேண்டாம், போகிற ஆலையில் டிரைவர் ஒருத்தருக்குத்தான் கேட் பாஸ், வண்டியில் இன்னொருத்தன் இருந்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் யார் பார்ப்பது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரிய ஆலைகளிலும் துறைமுகங்களிலும் இப்போது இரண்டாவது ஆளைக் கேட்டுக்கு வெளியே இறக்கிவிடத்தான் சொல்கிறார்கள். நான் பையனிடம் முடியாது கண்ணு என்று சொல்லிவிட்டேன். அவன் வேறு ஓர் ஆபீஸில் போய்க் கேட்டான். லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அன்றைக்கு ராத்திரியே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த லைசென்ஸ் எப்படி வருகிறது என்பது ஆணையர் அவர்களுக்கு என்னைவிடத் தெரியும். இருந்தாலும் என் அக்கா மகன் வாங்கிய கதையைச் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், போக்குவரத்து வாகனம் ஓட்டக் கற்பவனுக்கு 30 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டியை ஓட்டியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. யார், என்றைக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினார் என்று படிவம் 15-ல் பதிவு வைக்க வேண்டும். என் அக்கா மகன் அந்த ஓட்டுநர் பள்ளியில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தது ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் கால் மணி, இருபது நிமிஷம். கூட நாலு பேர் வரிசையில். எல்லாம் பகலில், புறவழிச்சாலையில், காலி வண்டியில். பழைய ஆறு சக்கர வண்டி அது, பின்னால் ஒரு செங்கல்கூடக் கிடையாது. கடைசி நாள் ஒரே உட்காரலில், ஒரே பேனாவில், முப்பது நாளுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆர்டிஓ மைதானத்தில் கொஞ்ச தூரம் முன்னால், கொஞ்ச தூரம் பின்னால். பாஸ்.

அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு அவன் மறுநாளே பதினாறு சக்கர வண்டி ஏறலாம். சட்டம் தடுக்கவில்லை. முன்பு நடுத்தர வண்டிக்கு ஒன்று, கனரக வண்டிக்கு ஒன்று என்று தனித்தனி வகை சட்டத்தில் இருந்தது. 1994 திருத்தத்தில் எல்லாவற்றையும் 'போக்குவரத்து வாகனம்' என்று ஒரே வகைக்குள் போட்டார்கள். ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு நடுவில் இருந்த படி போய்விட்டது. 2019-ல் எட்டாம் வகுப்புப் படிப்பு வேண்டும் என்ற விதியையும் எடுத்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். படிக்காதவன் நல்ல டிரைவராக இருக்க முடியும், என் வாத்தியாருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். ஆனால் படிப்புக்குப் பதிலாகப் பயிற்சியை இறுக்குவோம் என்றுதான் அப்போது சொன்னார்கள். 2021 ஜூலையிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதி வந்தது, அதில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம். நல்ல விதி. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு இருக்கிறது, எங்கள் நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் படித்துவிட்டு வருகிறவனை நான் ரோட்டில் பார்த்தால் அடையாளம் சொல்வேன், கண்ணாடி பார்ப்பதிலேயே தெரியும். அப்படி வருகிறவர்கள் கொஞ்சம். மற்றவர்களெல்லாம் அந்த ஆறு தடவைக்காரர்கள். நல்ல மையத்தில் படித்தவனுக்கும் முதல் மலையில் பக்கத்தில் ஒருத்தர் வேண்டும் என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதத்துக்கு முன், விடியக்காலம் நாலரை மணி இருக்கும். ஓசூரிலிருந்து சேலம் வருகிறேன். பாளையம் டோல்கேட் தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு டாரஸ், கடப்பாக் கல் லோடு. பிரேக் லைட் அணையவே இல்லை. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. பின்னால் போன எனக்கே காலில் நடுக்கம். இரட்டைப் பாலம் தாண்டி எப்படியோ இறங்கி, தொப்பூர் பிரிவுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினான். நானும் நிறுத்தினேன். பின்சக்கரம் நாலிலும் புகை. பையன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "தண்ணி ஊத்தாத தம்பி, டிரம்மு வெடிச்சிரும்" என்று கத்தி நிறுத்தினேன். அவனுக்குக் கை நடுங்கியது. 22 வயசு. லைசென்ஸ் எடுத்து நாலு மாசம், பெரிய வண்டியில் மூணாவது லோடு.

எந்த கியர்டா இறங்கினே என்றேன். "நியூட்ரல்ணே. டீசல் ஜாஸ்தி ஆனா புடிச்சிக்குவாங்க" என்றான். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாயா என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கேபினில் ஏறிச் சுவிட்சைக் காட்டினேன். "இது எதுக்குன்னு தெரியாதுண்ணே, யாரும் சொல்லல" என்றான். 28 டன் வண்டியை மலை இறக்கத்தில் வேகம் ஏறாமல் பிடித்து வைக்கிற ஒரு கருவி அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது, அவனுக்கு அது ஒரு பொத்தான். பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டும் ஏர் மீட்டரைப் பார்த்தாயா என்று நான் கேட்கவே இல்லை.

அந்த நியூட்ரல் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பையன்கள் தாங்களாகக் கண்டுபிடித்த கெட்ட பழக்கம் இல்லை, கணக்கு சொல்லிக்கொடுத்த பழக்கம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஆபீஸில் கணக்கு வைக்கிறார்கள். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, குறைந்தால் டிரைவர் படியில் பிடித்தம். பழைய பம்ப் வண்டியில் நியூட்ரலில் விட்டால் கொஞ்சம் மிஞ்சியது உண்மை. இப்போது ஓடுகிற காமன் ரெயில் வண்டிகளில், பிஎஸ் 6 வண்டிகளில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓட டீசல் குடிக்கும். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதாக நினைத்து, உண்மையில் டீசலைக் கூடுதலாகச் செலவு பண்ணுகிறான். இதை அவனுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு இல்லாததால் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறான், மிதிக்க மிதிக்க லைனர் சூடேறிப் பிடி விடுகிறது, ஐட்லிங்கில் ஓடும் கம்ப்ரெசர் செலவான ஏரை ஈடுகட்டுவதற்குள் அடுத்த மிதி. 2024 ஜனவரியில் அதே தொப்பூரில் லாரி மோதி நடுவில் காருக்குள் இருந்தவர்கள் மாட்டிக்கொண்ட வீடியோவை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் போர்டு வைத்தீர்கள், கேமரா வைத்தீர்கள், மேம்பாலச் சாலை கட்டப் பணம் ஒதுக்கினார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு இறங்கக் கற்றுக்கொடுக்க எவ்வளவு ஒதுக்கினார்கள்?

இடப்பக்க சீட் கற்பதற்கு மட்டும் இல்லை. அது வண்டியின் இடது கண். டாரஸில் உட்கார்ந்து பார்த்தால் இடப்பக்க முன்மூலையில் ஒரு பைக்கே மறைந்துபோகும். கிளீனர் தலையை வெளியே நீட்டி, கதவில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ. சந்தில் திரும்பும்போது, ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தக் கைதான் பார்த்துக்கொண்டது. இன்று ஊருக்குள் இடப்பக்கம் திரும்பும் லாரியின் பின்சக்கரத்தில் பைக் ஓட்டியவர் மாட்டினார் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்தத் தட்டுச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவு. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நாம். இதில் லாரியால் நடந்தது ஒரு பங்குதான். அந்தப் பங்கில் எத்தனை டிரைவர் முதல் வருஷக்காரர் என்று உங்கள் துறையால் எனக்குச் சொல்ல முடியுமா? கட்டமே இல்லாத தாளில் எப்படிச் சொல்வீர்கள்.

சங்க நிர்வாகிகளே, மேடையேறினால் நீங்கள் முதலில் சொல்வது டிரைவர் கிடைக்கவில்லை, வண்டி ஷெட்டில் நிற்கிறது என்பது. உண்மைதான். எங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, நானே என் மகனை அனுப்பவில்லை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பையன்கள் வந்து ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு நம் மலையும் தெரியாது, போர்டில் எழுதியிருப்பதும் தெரியாது. டிரைவர் பஞ்சத்துக்குச் சம்பளத்தையும் மரியாதையையும் காரணம் சொல்கிறீர்கள். இன்னொரு காரணம் பயம். முதல் மாதத்தில் இரண்டு தடவை சாவைப் பக்கத்தில் பார்த்த பையன் மூன்றாவது மாதம் டெலிவரி பைக் ஓட்டப் போய்விடுகிறான். நாற்பது லட்சத்துக்கு மேல் கொட்டி வாங்கிய வண்டியை அவனிடம் தனியாகக் கொடுக்கத் துணிகிறீர்கள். ஒரு மாதம் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைக்கும் கூலிக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

கற்றுக்கொடுக்க மூத்த டிரைவர்கள் ஏன் முன்வரவில்லை என்று கேட்பீர்கள். வர மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்து, அவன் ஒரு மட்கார்டை உரசினால் அந்தச் செலவு என் படியில் பிடிக்கப்படுகிறது. அவனை இறக்கத்தில் நிதானமாகக் கொண்டுவந்தால் லேட்டுக்கு நான்தான் திட்டு வாங்குகிறேன். சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு பைசா கிடையாது. 2024 ஜனவரியில், விபத்தில் ஆளை விட்டு ஓடினால் பத்து வருஷம் ஜெயில் என்ற புது சட்டப்பிரிவை எதிர்த்து நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தண்டனையைப் பற்றிப் பேச இவ்வளவு பேர் இருந்தோம், நானும் அதில் இருந்தேன். பயிற்சியைக் கேட்டு ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை. அது எங்கள் பக்கத்துத் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

இனி நான் கேட்பவை.

ஆணையர் அவர்களே, மத்திய அரசின் விதி என்று கை காட்டாமல் உங்கள் கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஓட்டுநர் பள்ளிக்கு அனுமதி கொடுப்பதும், நிறுத்திவைப்பதும், ரத்து செய்வதும் உங்கள் அதிகாரிகள்தான். கனரகப் பயிற்சி தரும் ஒவ்வொரு பள்ளியின் படிவம் 15-ஐயும் எடுத்து, அந்தப் பள்ளி வண்டி அந்த நாட்களில் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சி வண்டிகளில் ஜிபிஎஸ் வையுங்கள். 15 மணி நேரம் என்பது 15 மணி நேரமாக இருக்கட்டும். அதில் ஒரு பகுதி லோடு ஏற்றிய வண்டியில், ஒரு பகுதி ராத்திரியில், ஒரு தடவையாவது மலை இறக்கத்தில். மணல் மூட்டை ஏற்றினால் போதும், அதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை.

லைசென்ஸ் வாங்கிய பிறகு முதல் மூன்று மாதம் எந்தப் புது டிரைவரும் கனரக வண்டியில் தனியாக லோடு எடுக்கக் கூடாது. குறைந்தது ஐந்து வருஷ அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம், சங்கங்கள் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு உறுப்பினர் ஆபீஸ்களில் நடைமுறைப்படுத்தலாம். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளியால் இந்தச் செலவைத் தனியாகத் தாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. நம் மாநிலத்தில் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி தரும் 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்கும் பையனை 'உதவி ஓட்டுநர்' என்ற பெயரில், 18 வயது நிரம்பியவனாக, சம்பளத்தோடும் இன்சூரன்ஸோடும் இதற்குள் கொண்டுவர வழி செய்யுங்கள். பழைய கிளீனர் முறை திரும்பி வர வேண்டாம். அந்த சீட் திரும்பி வரட்டும்.

கற்றுக்கொடுக்கும் டிரைவருக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்று படி வையுங்கள். பயிற்சி நாட்களில் ஏற்படும் சின்ன உரசலுக்கு அவர் தலையில் செலவைக் கட்டாதீர்கள். புது டிரைவருக்கு முதல் ஆறு மாதம் டீசல் கணக்கில் பிடித்தம் கூடாது. நியூட்ரலில் இறங்குவதால் டீசல் மிஞ்சாது என்பதை ஒவ்வொரு ஆபீஸ் சுவரிலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள்.

ஆலைகளோடும் துறைமுகங்களோடும் வாடகை பேசும்போது, வண்டிக்கு இரண்டு பேருக்கு கேட் பாஸ் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். உள்ளே விட முடியாதென்றால் வெளியே நிழலும் கழிப்பறையும் உள்ள இடம் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்காகத்தான் நான் அந்தப் பையனை ஏற்றிக்கொள்ளவில்லை.

தொப்பூர், திம்பம், பர்கூர் இறக்கங்களுக்கு மேலே, கனரக வண்டிகள் நிற்கும் அளவுக்கு ஒரு இடம் ஒதுக்கி, மூத்த டிரைவர்களை அங்கே உட்காரவையுங்கள். முதல் தடவை இறங்குகிறவன் நின்று, எந்த கியர், எக்ஸாஸ்ட் பிரேக் எங்கே, ஏர் எவ்வளவு என்று கேட்டுவிட்டு இறங்கட்டும். பத்து நிமிஷ வேலை. தொப்பூருக்கு மாதம் நான்கு நாள் கூலியில்லாமல் வர நான் தயார். என்னைப் போல் இன்னும் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தோடு எங்கள் கையெழுத்தையும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக, மோட்டார் வாகன ஆய்வாளரின் விபத்து அறிக்கையில் கனரக வண்டிகளுக்கு நான்கு கேள்விகளைச் சேருங்கள். இந்த ஓட்டுநர் இந்த வகை வண்டி ஓட்டத் தொடங்கி எத்தனை நாள், எங்கே பயிற்சி பெற்றார், லோடோடு இந்தப் பாதையில் முன்பு வந்திருக்கிறாரா, பக்கத்தில் யார் இருந்தார். அதற்கான சுற்றறிக்கையை எப்போது அனுப்புவீர்கள் என்று தேதியோடு எனக்குப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
லாரி டிரைவர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்